குறி சுடாத கார்

வட்டக்கச்சியில் எங்கள் வயலை உழுத சோடி எருதுகளை விற்றுத்தான், வாடகைக்கு ஓடவென்று என் மகன் செல்வராசா பழைய கார் ஒன்று வாங்கினான். பேரம் பேசியது நான். மாடு வாங்கினால் பல்லைப் பார்ப்பேன், சுழியைப் பார்ப்பேன், சுட்ட குறியைப் பார்த்து யாருடைய மாடென்று சொல்லிவிடுவேன். காரையும் அப்படியே சுற்றிவந்து தட்டிப் பார்த்தேன்.

"காரின்ர பதிவுப் புத்தகம் எங்க அண்ணை?" என்று விற்றவரிடம் மகன் கேட்டான்.

"வவுனியாவில வீட்டில கிடக்கு. பிறகு தாறன்."

"விடடா, புத்தகம் வந்தா மட்டும் நானே வாசிக்கப் போறன்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். விற்றவர்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்.

அடுத்த மாதம் காருக்குக் கடன் கொடுத்த கொம்பனி ஆட்கள் வந்தார்கள். விற்றவர் தவணைக்கு எடுத்த காராம். கட்டி முடியும்வரை கார் கொம்பனிக்குச் சொந்தமாம். விற்றவரைத் தேடினோம், ஆள் அகப்படவில்லை.

"இதில ஒருத்தற்ற குறியும் இல்லையே, தம்பி!" என்றேன்.

"குறி புத்தகத்தில கிடக்கு, அம்மா" என்றபடி ஒருவர் காரில் ஏறினார்.

மகன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

இப்போது ஊரில் யார் கார் வாங்கப் போனாலும், புத்தகத்தை வாங்கி உடையவர் பெயரைச் சத்தமாக வாசிக்க வைக்கிறேன்.

எங்கள் எருதுகளை வாங்கியவர் அவற்றை ஓட்டிக்கொண்டு இந்த வழியால்தான் வயலுக்குப் போவார். அவை இன்றும் எங்கள் வேலிப் படலையடியில் நின்றுவிடும். உடம்பில் இருப்பது என் குறி.

"போங்கோடா ராசாக்கள்" என்று நான்தான் அனுப்பிவைக்கிறேன்.