கெஞ்சாத வாய்

ஒலியை நிறுத்திவிட்ட திரையில் ஒரு பெண் வாயசைக்கிறாள். நாற்பது வயதிருக்கும். பின்னால் பாதி இடிந்த தெரு. அவள் கை ஒருமுறை காமிராவை நோக்கி நீள்கிறது, ஒருமுறை எதிர்வீட்டுப் பக்கம். மொத்தம் இருபது விநாடி. அதற்கு நான் எழுதியிருந்த வசனம் இது: “வலிமை மிக்க தேசங்களே, எங்கள் வானத்துக்கு உங்கள் சிறகுகளை அனுப்புங்கள்!” எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. என் எழுத்தைப் படித்து நானே கலங்குவது அந்நாளில் வழக்கம். வேறு யாரும் முன்வரவில்லை.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்புற அறைதான் எங்கள் டப்பிங் ஸ்டூடியோ. மாதா கோயில் மணி அடித்தால் பதிவை நிறுத்துவோம். அது ஓய்ந்ததும் பஸ் ஹாரனுக்காக நிறுத்துவோம். நடுவில் கிடைத்த அமைதியில் சோப்பு விளம்பரங்களும் கன்னடத் தொடர்களும் தமிழாயின. ஆங்கில வசனத்தைத் தமிழாக்குவது என் வேலை. அந்த முறை வந்தது ஓர் ஆவணப்படம். அரபு பேசும் ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர். அனுப்பியது ஒரு வெளிநாட்டு அமைப்பு. பெயரிலேயே சமாதானத்தை வைத்திருந்தது. வெளிநாட்டு விமானங்கள் போய்க் குண்டு போட்டால்தான் அங்கே அமைதி வரும் என்பது படத்தின் முடிவு. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. அந்தப் போரைப் பற்றி நான் படிக்காத கட்டுரை இல்லை. வரைபடத்தில் அந்த நாட்டைக் காட்டச் சொன்னபோது மட்டும் பக்கத்து நாட்டின் மேல் விரலை வைத்தேன்.

திரையிலிருந்த பெண்ணுக்குக் குரல் கொடுக்க வந்தவர் எங்கள் டப்பிங் அக்கா. வீடு ஜீவனஹள்ளி. காலையில் ஒரு பள்ளியில் ஆயா, மதியத்துக்கு மேல் எங்களிடம் மாமியார், விதவை, நீதிபதி. பள்ளியில் தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்றும், இங்கே வந்தால்தான் தீர்ப்பே சொல்ல முடிகிறது என்றும் சொல்வார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காட்சியானாலும் முதலில் சத்தமில்லாமல் ஒருமுறை ஓட்டச் சொல்வார். வாயைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் வசனத்தாளைக் கையில் வாங்குவார்.

அன்று மூன்று முறை ஓட்டச் சொன்னார், பிறகு தாளைப் படித்தார்.

“இன்னா சார், இந்தம்மா கெஞ்சலையே. சண்ட போட்டுனு இருக்காங்க.”

போரில் அகப்பட்டவர்கள் கோபமாகவும் கெஞ்சக்கூடும் என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“எங்க தெருவுல தண்ணி லாரி வந்தா எல்லாரு வாயும் இப்பிடித்தான் போவும். துண்டு துண்டா. நீ எழுதிக்கிறது ரயிலாட்டம் நீளமா போவுது. நெஜமா இன்னா சொல்றாங்க?”

எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இருந்ததைத்தான் தமிழில் எழுதினேன். அந்தப் பெண்ணின் சொந்தக் குரல் தனி டிராக்கில் இருந்தது. ஸ்டூடியோவில் யாரும் அதைத் திறந்து கேட்டதில்லை. அக்காவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எனக்கு அதுவரை இருக்கவில்லை என்பது இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

மறுநாள் அக்கா கம்மனஹள்ளியிலிருந்து ஓர் அரபு மாணவனோடு வந்து நின்றார். மருந்தியல் படிப்பவன்; பக்கத்துத் தெரு டீக்கடையில் பழக்கம். “தோ, கூட்டினு வந்துட்டேன்” என்றார், தொலைந்த பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தவர் போல. மாணவன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டான். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அந்தப் பெண் தன் வீட்டுக் கதவைப் பற்றிப் பேசுகிறாள் என்றான். விமானம் என்ற சொல் எங்காவது வருகிறதா என்று கேட்டேன். மீண்டும் கேட்டுவிட்டு, ஒரு தடவை வருகிறது, விமானம் வந்த அன்றுதான் கதவின் கீல் கழன்றது என்கிறாள் என்றான். யாருடைய விமானம்? அதை அவள் சொல்லவில்லை.

ஸ்டூடியோ முதலாளி வந்தார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்த நல்ல மனிதர். அக்கா அவரிடம், எழுதியிருப்பதைப் பேச மாட்டேன், அந்தம்மா பேசியதை வேண்டுமானால் பேசுகிறேன் என்றார்.

“ஏம்மா, குக்கர் விளம்பரத்துல மாமியார் மெச்சினாங்கன்னு பேசுனியே, அது மட்டும் நெஜமா?”

“குக்கருக்குப் பொய் சொன்னா சோறு கொழையும், அவ்ளோதான் சார்.” சற்று நிறுத்தினார். “எங்க வூட்டுக்காரரும் மிலிட்ரில இருந்தப்ப இன்னொரு நாட்டுக்கு சமாதானம் பண்ணப் போனவருதான். அந்த ஜனங்க கூப்ட்டாங்களான்னு கேட்டேன். பேப்பர்ல போட்ருந்துச்சுன்னாரு. திரும்பி வந்தப்புறம் யாரு வூட்டுக் கதவையும் தட்ட மாட்டாரு. வெளிய நின்னு பேர் சொல்லித்தான் கூப்புடுவாரு. சாவுற வரைக்கும்.”

முதலாளி தரையைப் பார்த்தபடி, பேசாவிட்டால் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும், அப்புறம் கூப்பிடவும் முடியாது என்றார். சரி என்று அக்கா கண்ணாடி அறைக்குள் போனார். இணங்கிவிட்டார் என்று நினைத்துப் பதிவு விளக்கைப் போட்டோம்.

“ப்ளேன் வந்த அன்னிக்குக் கீலு கழண்டுச்சு. கதவ எட்த்துனு போய்ட்டாங்க. தோ, அந்த வூடுதான். படம் புடிக்கிறியே, அத்தப் புடி. கதவில்லாம பொண்ணுங்கள வெச்சினு நா எப்பிடித் தூங்குவேன்?”

ஒரே டேக். என் சிறகுகள் எத்தனை முயன்றும் உட்காராத வாயில் ஜீவனஹள்ளித் தமிழ் அப்படியே உட்கார்ந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, மாணவனுக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். அவரை அதன் பிறகு ஸ்டூடியோவுக்கு அழைக்கவில்லை.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் பதிவை அழிப்பதற்கு முன் இரண்டு முறை கேட்டேன். எங்கே மூச்சு விடுகிறார், எங்கே வெட்டுகிறார் என்று குறித்துக்கொண்டேன். பிறகு என் வசனத்தை அதே அளவுக்குத் துண்டாக்கினேன்: “வாருங்கள். இனியும் தாமதம் ஏன்? விமானங்களை அனுப்புங்கள். எங்கள் பெண்களைக் காப்பாற்றுங்கள்.” புதிதாக வந்த பெண் பேசினாள். கனகச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு இயல்பான தமிழாக்கம் வேறெந்த மொழியிலும் அமையவில்லை என்று அந்த அமைப்பு பாராட்டி எழுதியது. அந்தக் கடிதத்தைப் பல நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

விமானங்கள் போயின. எங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போயின என்று நம்பும் அளவுக்கு எனக்கே அகந்தை போதவில்லை.

போன மாதம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், அவருடைய மூச்சை அளவெடுத்து நான் செய்த வேலையை அங்கேயே சொன்னேன். அதோடு நிறுத்தாமல் தொடர்ந்தேன்: எந்த நாட்டு விமானங்கள் முதலில் போயின, எவர் ஆட்சி கவிழ்ந்தது, ஒரு படை மூன்றாகப் பிரிந்தது எப்படி, அந்த அமைப்பே பிற்பாடு எப்படி வேறு பெயர் வைத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகளில் படித்ததெல்லாம் வந்தது. கறிவேப்பிலைக்காரர் எங்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்.

தள்ளி நின்றோம். அக்கா முழுவதையும் கேட்டார், முன்பு என் விளக்கங்களைக் கேட்ட அதே பொறுமையோடு.

“அதெல்லாம் சரி சார். அந்தம்மாவுக்குக் கதவு கெடச்சுதா?”

கேட்டுவிட்டு, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, நான் சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.