சிராத்த நாளில் சாத்திய கதவு

என் மனைவி போன பிறகு அவளுடைய புடவைகளை மகள் சான்பாடாவில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். கண்ணாடியும் செருப்பும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. குளிர்பெட்டிக் கதவில் இருந்த, உடைக்காத இன்சுலின் குப்பிகள் மட்டும் அப்படியே நின்றன. பால் எடுக்கத் திறக்கும் போதெல்லாம் அவை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். குப்பையில் போட மனம் வரவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். திருப்பி வாங்க முடியாது என்றவர், செம்பூரில் அடிபட்ட, நோயுற்ற தெருநாய்களை எடுத்து வைத்துப் பார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள், அவளிடம் சர்க்கரை நோயுள்ள நாய் ஒன்று இருப்பதாகக் கேள்வி என்றார்.

மருந்தைக் கொடுத்துவிட்டு வரத்தான் போனேன்.

அவள் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகிச் செம்பூர் வந்து, தரைத்தள வீட்டின் பின்பக்கத்தில் நாய்களை வைத்திருந்தாள். குப்பிகளை வாங்கித் தேதி பார்த்தாள். அவை இந்த நாய்க்கும் ஆகும் என்று அதன் டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறாராம். மூலையில் படுத்திருந்த பழுப்பு நிறப் பெட்டையைக் காட்டினாள். வயதான நாய். நோயினால் இரண்டு கண்களிலும் பால் போல் படலம் படர்ந்திருந்தது. யாரோ வீட்டில் வளர்த்துத் தெருவில் விட்டிருக்கிறார்கள். கழுத்தில் பட்டை இருந்த இடத்தில் முடி இல்லை. நான் பேசிய பக்கம் தலையைத் திருப்பியது. எழுந்து வந்து என் முழங்காலில் மூக்கை வைத்தது.

"மருந்து குடுக்க வந்தீங்களா, நாய் எடுக்க வந்தீங்களா?" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

"எனக்கு ஊசி போடத் தெரியும்" என்றேன். இப்படி ஒரு பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"யாருக்குப் போட்டீங்க?"

"மனைவிக்கு. பல வருஷம்."

"அவங்க வாயத் தொறந்து சொல்லுவாங்கல்லா அங்கிள்? தல சுத்துது, பசிக்குதுன்னு. இது சொல்லாது. ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. முதல்ல சாப்பாடு. தட்டக் காலி பண்ணின பொறவுதான் ஊசி. சாப்பிடலன்னா எனக்கு போன் போடுங்க, நீங்களா ஊசி போடக் கூடாது. இவ்வளவுதான் ரூல். இத மீறினா நாயத் திருப்பி எடுத்துருவேன், ஆமா."

மனைவிக்கு இதற்கு நேர்மாறு. முதலில் ஊசி, கொஞ்சம் கழித்து இட்லி. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் படித்தவன். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மகள் தொலைபேசியில் கத்தினாள். "அப்பா, உங்களப் பாத்துக்கவே ஒரு ஆள் வேணும். நீங்க போய் கண்ணு தெரியாத நாயக் கொண்டு வந்துட்டேளே! பேசாம இங்க வந்து இருங்கோன்னா கேக்க மாட்டேங்கறேள்."

"ஒனக்கென்ன, அதுவே கேட்டுத்தான் வந்தது."

"நாய் கேட்டுதாக்கும்!"

நாய்க்கு நான் பெயர் வைக்கவில்லை. "இந்தா" என்றால் வரும். நாற்பது வருஷம் மனைவியையும் அப்படித்தான் கூப்பிட்டேன். முதல் நாள் வாயில் தானாக வந்துவிட்டது, பிறகு மாற்றவில்லை. வீட்டின் மூலை முடுக்கெல்லாம் மூக்கால் தடவி ஒரு வாரத்தில் படித்துவிட்டது. சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே அதன் கிண்ணம். கிண்ணத்தை ஒரு சாண் தள்ளி வைத்தாலும் தின்ன வராது, பழகிய இடத்திலேயே காத்திருக்கும். அதனால் வேலைக்காரியிடமும் சொல்லி வைத்திருந்தேன், எதையும் நகர்த்தாதே என்று. டாக்டர் எழுதிக் கொடுத்த உருண்டைத் தீனியை வெந்நீரில் ஊறவைத்துப் போடுவேன். தின்று முடித்துக் கிண்ணத்தை நக்கும் சத்தம் கேட்டதும் ஊசியை எடுப்பேன். பிடரித் தோலைத் தூக்கிக் குத்தினால் அசையாமல் நிற்கும். அதன் பிறகு என் காலடியில் படுத்துக்கொள்ளும். நான் பேப்பரை உரக்கப் படிப்பேன். மழை, ரயில் தாமதம், ஷேர் மார்க்கெட், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும். அந்த வீட்டில் பல மாதங்களாக என் குரலை நானே கேட்டிருக்கவில்லை.

அப்போதுதான் மனைவியின் சிராத்தம் வந்தது.

எங்களுக்கு மகன் இல்லை, நான்தான் செய்ய வேண்டும். "மடத்துலயே பண்ணிடுங்கோப்பா, அவாளே எல்லாம் பாத்துப்பா" என்றாள் மகள். நான் கேட்கவில்லை. அவள் சமைத்த அடுப்பில், அவள் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மகளுக்கு அன்று அலுவலகத்தில் தணிக்கை, வர முடியவில்லை. வாத்தியார் முந்தின நாள் போன் செய்தார்.

"மாமா, ஆத்துல நாய் இருக்குன்னு கேள்விப்பட்டேனே?"

"வயசான நாய். கண் தெரியாது. ஒரு மூலையில கெடக்கும்."

"அதுக்குக் கண் தெரியாட்டா என்ன, பிதுர்க்களுக்குத் தெரியுமே! சிராத்தத்துல நாய் பாத்தா பண்ணினதெல்லாம் வீண். எங்கயாவது விட்டுட்டு வந்துடுங்கோ, இல்லாட்டா உள்ள போட்டுக் கதவச் சாத்திடுங்கோ."

அவர் கெட்டவர் அல்ல. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். நாயை அன்று ஒரு பொழுது செம்பூரில் விட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. என்ன காரணம் சொல்வது? அன்று சாதி பார்க்காமல் உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த நான், இன்றைக்கு மடி பார்த்து நாய் என் வீட்டில் இருக்கக் கூடாது என்கிறேன் என்றா?

அன்று காலை சமையல் மாமி தன் பாத்திரங்களோடு வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் குளித்து மடி உடுத்திவிட்டால் நாயைத் தொட முடியாது. எனவே குளிப்பதற்கு முன்பே அதன் வேலையை முடிக்க நினைத்தேன். படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்தேன். மாமியிடம் வெந்நீர் கேட்கத் தயங்கிக் குழாய்த் தண்ணீரில் தீனியை நனைத்திருந்தேன். நாய் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழக்கமான இடத்துக்குப் போகக் கதவைத் தேடியது. மறுபடி கொண்டுவந்து நிறுத்தினேன். தின்னவில்லை. வெளியே மாமி, "மாமா, வாத்தியார் கீழ வந்துட்டார், குளிக்கலையா?" என்று குரல் கொடுத்தாள்.

நான் ஊசியைப் போட்டேன். பசித்தால் தின்னும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

சங்கல்பம் நடக்கும்போது கதவைப் பிராண்டும் சத்தம் கேட்டது. வாத்தியார் மந்திரத்தை நிறுத்தாமலே கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தார். சாப்பிட வந்த பிராமணர் இருவரில் இளையவர் சிரிப்பை அடக்கினார். ஹோமப் புகையில் எனக்குக் கண் எரிந்தது. பிராண்டல் நின்று, மெல்லிய ஒரு முனகல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். அது ஏன் நின்றது என்று நான் நினைக்கவே இல்லை. அப்பாடா, இனி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மனைவியின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

காக்கைக்கு வைத்த சோற்றைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் புறாக்கள் வந்து மிதித்தன. வாத்தியார் கையைத் தட்டி விரட்டினார். காக்கை வரக் காத்திருந்தோம். வந்து ஒரு வாய் எடுத்த பிறகுதான் நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

நாய் பக்கவாட்டில் கிடந்தது. கால்கள் ஓடுவதுபோல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. வாயோரம் நுரை. கிண்ணம் வைத்தபடியே இருந்தது.

கூடத்துக்கு ஓடிவந்து பிண்டத் தட்டுப் பக்கத்தில் இருந்த தேன் கிண்ணத்தை எடுத்தேன். "மாமா, அது..." என்றார் வாத்தியார். மடி வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, நாயின் ஈறுகளில் விரலால் தேனைத் தடவினேன். மனைவிக்கு ஒருமுறை சர்க்கரை இறங்கி இப்படி ஆனபோது செய்தது கைக்கு நினைவிருந்தது. இளைய பிராமணர் கீழே ஓடி டாக்ஸி பிடித்தார். தூக்க அவரும் கை கொடுத்தார்.

டாக்டர் நரம்பில் குளுகோஸ் ஏற்றினார். கால்கள் அடங்கின. மூச்சு சீரானது. என்னைப் பார்த்து, "காலையில் சாப்பிட்டதா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"சாப்பிட்டது" என்றேன்.

"முழுதாக?"

"முழுதாக."

அப்படியானால் மருந்தின் அளவு அதிகம், பாதியாகக் குறைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். மாலை வரை வைத்திருந்து அனுப்பினார். வீட்டுக்கு வந்தோம். மாமி அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாய் அதன் இடத்தில், அதன் கிண்ணத்தில் நக்கி நக்கிச் சாப்பிட்டது. நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாதி அளவு போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை ஏறும், தண்ணீராய்க் குடிக்கும், மெலியும், ஒரு நாள் எழுந்திருக்காது. என் ஒரு பொய்க்காக அது மெதுவாகச் சாகும். உண்மையைச் சொன்னால் செம்பூர்ப் பெண் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பொய்யை வைத்துக்கொண்டால் நாய் என் காலடியில் கிடக்கும், இருக்கும் வரைக்கும்.

உடனே போனை எடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. அன்று மாலை பாதி ஊசி போட்டேன். மறுநாள் காலையும் போட்டேன். மத்தியானம் நாய் தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்துவிட்டு இன்னும் வேண்டும் என்று தரையை நக்கியபோதுதான் எடுத்தேன்.

செம்பூர்ப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிராத்தம், தாழ்ப்பாள், டாக்டரிடம் சொன்னது, எதையும் விடவில்லை. அவள் வீட்டு நாய்கள் குரைப்பது கேட்டது.

"என்ட்ட கொண்டு விட்டுருக்கலாம்லா அங்கிள், ஒரு நாளு?"

"கேக்க வெக்கமா இருந்தது."

"நாய விடக் கேக்க என்ன வெக்கம்?" என்றவள், "ஓ, நாங்க என்ன நெனப்போம்னா?" என்றாள். "சரி, விடுங்க. நான் டாக்டர்ட்ட பேசுதேன். பழைய அளவே போடுவோம். சாயங்காலம் வருதேன்."

ஆட்டோவோடு வந்தாள். நாயின் பற்களை, வயிற்றை, காதைத் தடவிப் பார்த்தாள். என் மீது கோபம் காட்டவில்லை. காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டோம்பிவிலில ஒரு குடும்பம் கேட்டுட்டு இருக்கு. வீட்ல எப்பவும் ஆள் இருக்கும். அங்க குடுத்துருதேன்."

"வந்து பாக்கலாமா?"

"வேண்டாம் அங்கிள். புது வீட்ட அது படிக்கணும். ஒங்க வாசன வந்தா கொழம்பிப் போயிரும்."

நியாயம்தான். மாடிப்படியில் அது ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கியது. நான் பின்னாலேயே போனேன். ஆட்டோவில் ஏற்றியதும் நான் நிற்கும் பக்கம் தலையைத் திருப்பியது. கூப்பிட்டால் இறங்கிவிடும் என்று தெரிந்தது. கூப்பிடவில்லை.

மேலே வந்ததும் மகளிடமிருந்து போன். நேற்றைய சிராத்தம் நன்றாக நடந்ததா என்று கேட்டாள். நன்றாக நடந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நடக்கல" என்றேன். "உக்காந்துக்கோ, சொல்றேன்."