என் பழைய காரை வாங்க வந்தவர்கள்

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பொய்யை இரண்டே கால் லட்சத்துக்கு விற்கப் பார்த்தேன். கிட்டத்தட்ட விற்றும்விட்டேன்...

எங்கள் வீட்டுக் காரைத்தான் சொல்கிறேன். பதினோரு வயது. வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி, ஒரே ஓனர். பார்க்க இன்னும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் பள்ளி லீவில் குன்னூர் போகும்போது, பர்லியாறு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சரசரவென்று ஏறியது. பானெட்டிலிருந்து ஆவி. குழந்தைகளோடு ரோட்டோரம் இரண்டு மணி நேரம் நின்றோம்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க" என்றார். இன்ஜினுக்குள் தண்ணீர் கசிகிறதாம், திறந்து மாற்ற வேண்டுமாம். நல்ல செலவு. "ஊருக்குள்ள மெதுவா ஓட்டுனா ஒண்ணும் தெரியாதுங்க. குடுக்கறதா இருந்தா இப்பவே குடுத்துப்போடுங்க."

குடுத்துப்போட முடிவு செய்தோம். ஆன்லைனில் படம் போட்டு, 'குடும்பம் உபயோகித்தது, நல்ல கண்டிஷன்' என்று கீழே எழுதியது நான்தான். வாராவாரம் உங்களுக்கு எழுதுகிற அதே கை!

சோமனூரிலிருந்து செல்வராஜும் அவர் மனைவி கவிதாவும் வந்தார்கள். ஆறு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுக்கிற குடும்பம். எங்கள் வண்டி காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை தள்ளும். அதனால் அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே என் கணவர் வண்டியை எடுத்து, சிங்காநல்லூரை ஒரு சுற்றுச் சுற்றி, சூடு பண்ணிக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

செல்வராஜ் டயரைத் தடவினார். கதவு ரப்பரைப் பிரித்துப் பார்த்தார். ஸ்டெப்னியைக்கூட விடவில்லை.

"நாலு மாசமா கார் வீடியோதானுங்கக்கா. தறிச் சத்தத்துலயும் ஹெட்போன மாட்டீட்டுப் பார்ப்பாரு" என்று கவிதா சிரித்தார். "எங்க மாமனாருக்குக் கிட்னி பெயிலியருங்க. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸுக்குக் கோயமுத்தூர் கூட்டீட்டு வாரோம். வாரப்பக்கூடப் பரவால்லீங்க. முடிஞ்சு திரும்பிப் போறப்பத்தான்... மனுசன் துவண்டுருவாரு. பஸ்ல சீட்டுக் கிடைக்கலீன்னா, கம்பியப் புடிச்சுட்டே கண்ணு சொருகிருமுங்க. ஒவ்வொரு தடவையும் டாக்சி புடிக்க நமக்குக் கட்டுமுங்களா?"

நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

செல்வராஜ் தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார். திருப்தி. பேரம் நடந்தது, பத்தாயிரம் குறைத்தோம். அவர் அட்வான்ஸ் கவரை எடுக்கும்போதுதான், அதுவரை பின் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த கவிதா கேட்டார்.

"ஏனுங்கக்கா... நாளைக்குக் காலைல உங்க குழந்தைகள இதுல ஏத்தீட்டு ஊட்டி போகச் சொன்னா, போவீங்களா?"

"போ..." என்று ஆரம்பித்தேன்.

கவிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் என்னை முறைத்தார். எனக்கோ ரோட்டோரத்தில் நின்ற அந்த இரண்டு மணி நேரம் கண் முன்னே வந்தது — குழந்தைகளுக்குப் பதிலாக, டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோன ஒரு பெரியவர்.

"போக மாட்டேன்" என்றேன். கேஸ்கட், வெள்ளைப் புகை, காலையில் சூடு பண்ணி வைத்தது... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

செல்வராஜ் கவரை மடித்துப் பையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பேப்பர்ல எழுதறவங்கன்னு நம்பி, மெக்கானிக்கக்கூடக் கூட்டீட்டு வரலீங்க" என்று மட்டும் சொன்னார். காபி ஆறிக் கிடந்தது. போய்விட்டார்கள்.

"ரொம்ப நல்லா பண்ணுன, போ. இதையும் பேப்பர்ல எழுதிரு" என்றார் என் கணவர். இதோ, எழுதிவிட்டேன்.

புதன்கிழமை போன் வந்தது. கவிதா!

"ஞாயித்துக்கெழம பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ரெண்டு வண்டி பார்க்கப் போறோம். நீங்களும் வாங்கக்கா."

"எனக்குக் காரைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"கார அவரு பார்த்துக்குவாருங்க. இந்தத் தடவ மெக்கானிக்கும் வாராரு. நீங்க விக்கறவங்க மூஞ்சியப் பாருங்க. ஒண்ண மறைக்கறப்ப மூஞ்சி எப்படிப் போகும்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்!"

இதைவிடப் பொருத்தமான வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. போனேன்.

முதல் இடத்தில் ஒரு புரோக்கர். கவிதா அதே கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், "ஊட்டி என்னங்க, காஷ்மீரே போலாம்!" என்றார். நான் உதட்டைப் பிதுக்கினேன். மெக்கானிக் கால்மிதியைத் தூக்கி, அடியில் மண் படிந்த கோடு ஒன்றைக் காட்டினார். வெள்ளத்தில் நின்ற வண்டி.

இரண்டாவது, ஒரு லேத் பட்டறைக்காரர் வீடு. பன்னிரண்டு வயது வண்டி, பெயின்ட் மங்கி, பம்பரில் கீறல். கவிதா கேட்டதும், அவர் வாயைத் திறக்குமுன் அவர் மனைவி பதில் சொன்னார்.

"போன மாசந்தானுங்க போயிட்டு வந்தோம். மேடு ஏறறப்ப மட்டும் ஏசிய ஆஃப் பண்ணிக்கோணும். அப்பறம் பின்னாடி எடதுபக்கக் கண்ணாடி எறங்காது அம்மணி, இப்பவே சொல்லிப்போடறேன்."

பட்டறைக்காரர் மனைவியை முறைத்தார். அச்சு அசல், என் வீட்டு முறைப்பு! நான் கவிதாவைப் பார்த்துத் தலையாட்டினேன்.

மெக்கானிக் ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார். "தாராளமா எடுக்கலாமுங்க" என்றார். எடுத்தார்கள். எங்கள் வண்டியைவிட முப்பதாயிரம் குறைவு.

முகத்தை மட்டும் பார்த்துக் கார் வாங்கச் சொல்லவில்லை நான். மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். சூடு பண்ணி வைத்த வண்டியாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். ஆனால் பெயின்ட்டைப் பளபளப்பாக்கலாம், மீட்டரைக்கூடத் திருப்பி வைக்கலாம். ஒரு வண்டியோடு பத்து வருடம் வாழ்ந்தவருக்கு அதைப் பற்றி எல்லாம் தெரியும் — கேட்கத்தான் ஆள் வேண்டும். எத்தனை பேர் கேட்கிறோம்?

போன வாரம் கவிதா பேசினார். "திரும்பி வாரப்ப மாமா முன் சீட்டுல படுத்துத் தூங்கீட்டே வாராருங்கக்கா. ஊடு வந்தும் எழுப்ப மனசே வாரதில்லீங்க. ஆஃப் பண்ணிப்போட்டு, கதவத் தொறந்து வெச்சுட்டு, நாங்களும் கொஞ்ச நேரம் வண்டியிலயே உக்காந்துக்கறோம்."

எங்கள் வண்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? கேஸ்கட் மாற்றியாயிற்று, நாங்களே ஓட்டுகிறோம். யாராவது விலைக்குக் கேட்டால், அவர்கள் கேட்க மறந்ததையும் சேர்த்தே சொல்லிவிடுவதாக உத்தேசம்... வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து!