பாலம் போடும் டாங்கி

சாப்பாட்டு மேசையில் ஒரு யுத்த டாங்கி நின்றால், புட்டை எங்கே வைத்துச் சாப்பிடுவது?

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரவணைக் கிராமத்தில் என் அண்ணை வீட்டில் எனக்கு இந்தச் சிக்கல் வந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு புட்டும் சம்பலும் சாப்பிட்டேன். மேசையின் புதிய உரிமையாளர் அசையவில்லை.

பயப்படாதீர்கள், பொம்மைதான். ஆனால் ‘பொம்மை’ என்று அண்ணைக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள். அவர் அகராதியில் அது ‘மாதிரி’. அசல் டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு. தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். இரும்புச் சங்கிலி, அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு குட்டி ஊசி, மூடித் திறக்கும் கதவுகள், பற்றறி, மோட்டார், றிமோட்… எல்லாம் உண்டு. உதிரியாக வந்த பாகங்களை மாதக்கணக்கில் சாமண இடுக்கியால் பிடித்துப் பிடித்து ஒட்டியிருந்தார். பெயின்ற் அடித்து, அந்தப் பெயின்றை அங்கங்கே சுரண்டி, பஞ்சால் துரு வைத்து, கடைசியில் சேறும் பூசியிருந்தார்.

“ஜெர்மனியிலை இந்தச் சேறு போத்திலிலைதான் கிடைக்கும். இது சரவணைச் சேறு, அசல்!” என்றார் பெருமையோடு.

“ஓம், அசல்தான். என்ரை தேத்தண்ணி வடியிலை அரிச்ச சேறு,” என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

குரல் விமலா மச்சாளுடையது. அண்ணையின் மனைவி.

இவர்கள் இருவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அண்ணை மீசை அரும்பிய வயதில் ஜெர்மனிக்குப் போனவர். இங்கே பெரிய சண்டைகள் நடந்த காலமெல்லாம் அவருக்கு ரீவிச் செய்திதான். மச்சாள் நெடுந்தீவுக்காரி. அந்தக் காலத்தை முழுக்க இங்கேயே, ஊர் ஊராக இடம்பெயர்ந்து கழித்துவிட்டு, பிறகு கலியாணமாகி அண்ணையிடம் போனவர். ஓய்வு பெற்றபின் ஊருக்கே திரும்பி வந்து, பெற்றோரின் பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு இருக்கிறார்கள்.

அங்கே அண்ணைக்கு வீட்டின் நிலவறையில் ஒரு மேசை இருந்ததாம். குளிர்காலம் முழுக்க அங்கேதான் மாதிரி கட்டுவாராம். சரவணை வீட்டில் நிலவறைக்கு எங்கே போவது? ஆகவே சாப்பாட்டு மேசை.

சாப்பிட்டு முடிந்ததும் அண்ணை டாங்கியை முற்றத்துக்குத் தூக்கி வந்தார். அன்றுதான் முதல் ஓட்டம். அதற்காகத்தான் என்னையும் அழைத்திருந்தார். றிமோட்டில் ஒரு பொத்தானை அமர்த்தினார்.

உள்ளே ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் ஓர் இருமல். பிறகு ஓர் உறுமல். பிறகு சங்கிலி மண்ணை அரைக்கும் சத்தம். நான் அந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். நானே ஓரடி பின்வாங்கினேன். படலையடியில் சைக்கிளை நிறுத்திய பால்காரர், பாலைத் தராமலே சைக்கிளைத் திருப்பினார்.

“எப்பிடி?” என்று கேட்டார் அண்ணை. முகம் முழுக்கச் சிரிப்பு. “விமலா, வந்து பாருமன்!”

மச்சாளைக் கூட்டிவர நான் உள்ளே போனேன்.

குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லை. அறைகளிலும் இல்லை. கடைசியில் பின்பக்கம் போனேன். பின் படலையைத் திறந்தபடி மச்சாள் நின்றார். காலில் செருப்பு. தோளில் ஒரு பை. பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் நகையும் வைக்கிற பை அது, எனக்குத் தெரியும்.

“மச்சாள், எங்கை வெளிக்கிட்டனீங்கள்?”

என்னைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். அது எப்படித் தன் தோளுக்கு வந்தது என்று அவருக்கே விளங்கவில்லைப் போலிருந்தது.

“முருங்கையிலை ஆய வந்தனான்,” என்றார்.

முருங்கையிலை ஆயப் பாஸ்போர்ட் எதற்கு? நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற அண்ணையும் கேட்கவில்லை. முன் முற்றத்தில் அந்த ஸ்பீக்கர் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அறுபது தாண்டிய மனிதர், அதை நிற்பாட்ட ஓடினார். அவர் ஓடி நான் பார்த்து எவ்வளவோ காலம்!

பின்னேரம் அண்ணை என்னை வேலணை பஸ்ஸுக்குக் கூட்டிவந்தார். பஸ் தரிப்பிடத்தில் மெல்லச் சொன்னார்: “தங்கச்சி, இத்தனை வருஷத்திலை அவ ஒருநாளும் நிலவறைக்கு இறங்கினதில்லை. தூசு ஒத்துக்கொள்ளாது எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

மறுநாளே டாங்கியைப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். கொழும்பில் மாதிரி கட்டுகிற ஒரு நண்பருக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்று போனில் சொன்னார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவரைத் தியாகி என்று எழுதி நானும் பத்தியை முடித்திருப்பேன். ஆனால் கை வேலையில் ஊறிய மனிதர் சும்மா இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு வாரம் கழித்து மச்சாள் போன் எடுத்தார்.

“நீர் ஒருக்கா வந்து உம்மடை கொண்ணையைக் கூட்டிக்கொண்டு போம். குசினிக்குள்ளை நிண்டு எனக்கு வெங்காயம் வெட்டப் படிப்பிக்கிறார். எல்லாத் துண்டும் ஒரே அளவாய் வரவேணுமாம்!”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அந்த மனுசன் பாவம். நான் ஏதாவது சொன்னனானே? நான் ஒண்டும் சொல்லேல்லையே…”

அதுதானே பிரச்சினை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்காக இவர் விட்டுக்கொடுக்கிறார், இவருக்காக அவர் கவலைப்படுகிறார், நடுவில் வெங்காயம்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது பெட்டி மேசைக்கு இறங்கியிருந்தது. இறக்கியவர் அண்ணை அல்ல. மச்சாள். கதிரையில் ஏறி, தனியாக இறக்கியிருக்கிறார். அண்ணை அந்தப் பெட்டியைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“அந்தச் சத்தத்தைக் கழட்டுங்கோ,” என்றார் மச்சாள். “அந்தச் சுடுற குழாயையும் கழட்டுங்கோ. மிச்சத்தை வைச்சு வேறை ஏதும் செய்யேலாதே?”

“குழாயும் அதைத் தாங்கிச் சுத்துற கோபுரமும் இல்லாட்டி அது டாங்கியே இல்லை, விமலா.”

“இல்லாட்டி நல்லதுதானே!”

அண்ணை தலையைச் சொறிந்தார். பிறகு, கொஞ்சம் தயக்கத்தோடு, “பாலம் போடுற வகை ஒண்டு இருக்கு,” என்றார். “சுடாது. முதுகிலை மடிச்ச பாலத்தைக் கொண்டுபோய், ஆறு வாய்க்கால் வந்தால் விரிச்சுப் போடும்.”

“பாலமோ?” மச்சாளின் முகத்தில் அன்றுதான் ஒரு வெளிச்சம் கண்டேன். “அப்ப முதல்லை நெடுந்தீவுக்கு ஒண்டு போடுங்கோ. வள்ளத்திலை சத்தியெடுத்து எடுத்தே எங்கடை சனம் மெலிஞ்சுபோச்சு.”

“பதினாறிலை ஒரு பங்குதான் போடலாம்.”

“பரவாயில்லை, மிச்சத்தை நீந்திறம்.”

பாலம் என்றதும் நீங்கள் இரண்டு மனங்களுக்கு நடுவில் பாலம், அது இது என்று யோசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். நானும் தொடங்கினேன். அண்ணைக்கு அப்படி ஒரு கற்பனையும் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரேயொரு கவலை. பாலத்தை முன்னால் நீட்டினால் பின்பக்கம் எழும்பிவிடுமே?

வேலை தொடங்கியது. ஸ்பீக்கர்தான் முதலில் வெளியே வந்தது. வயரைக் கத்தரித்து மச்சாளின் கையில் கொடுத்தார். மச்சாள் அதைக் குப்பைக் கிடங்கில் போட்டு, மேலே இரண்டு சிரட்டை மண்ணும் போட்டுவிட்டு வந்தார். பிறகு குழாய் போயிற்று. கோபுரம் போயிற்று. கோபுரம் இருந்த வட்ட ஓட்டையைப் பிளாஸ்ரிக் தகட்டால் மூடினார். கோபுரத்தைச் சுற்ற வைத்த மோட்டார் இப்போது கயிறு சுற்றும் மோட்டார். குழாயை ஏற்றி இறக்கிய மோட்டார் பாலத்தை நிமிர்த்தும் மோட்டார். ஒன்றையும் வீணாக்கவில்லை.

பாலத்தின் சட்டங்களை மச்சாள்தான் வெட்டினார். ஜெர்மனியில் உடுப்புத் திருத்தும் கடையில் வேலை செய்தவர், அளவு பிசகாது. அண்ணை ஒட்டினார். பின்பக்கம் எழும்பும் சிக்கலுக்கு, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை டாங்கியின் வால்பக்கத்தில் அடுக்கினார்கள். நெடுந்தீவில் இருக்கிற மச்சாளின் தம்பி கொடுத்துவிட்ட குண்டுகள். அவரே தங்கூசி நூலும் அனுப்பியிருந்தார். மீன் பிடிக்கிற நைலோன் நூல். அண்ணையின் நூல் இரண்டு தடவை அறுந்தபின் அதைத்தான் போட்டார்கள்.

அப்படி ஒரு பின்னேரம், மூவரும் மேசையைச் சுற்றி இருக்கிறோம். மச்சாள் பாலத்தின் நடுக் கீலுக்குள் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

“அண்டைக்கு மதகு உடைஞ்சுபோச்சு,” என்றார்.

அண்ணையின் கை நின்றது.

“மழைக்காலம். நாங்கள் வெளிக்கிட்டு நடக்கிறம், நானும் அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. பின்னாலை அந்தச் சத்தம். மரங்களுக்கு அங்காலை. ஆளைக் காணேல்லை, சத்தம் மட்டும்தான். முன்னாலை பாத்தால் மதகு இல்லை. தண்ணி ஓடுது.”

கம்பி கீலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. மச்சாள் அதை வளைத்தார்.

“அம்மாவை முதுகிலை ஏத்திக்கொண்டு இறங்கினனான். நெஞ்சளவு தண்ணி. பின்னாலை டாங்கி வருது… அம்மா என்ன செய்தவ தெரியுமே? ‘சீலை நனையுது, மெல்லப் போடி, மெல்லப் போடி’ எண்டு அந்தக் கரை மட்டும் என்னைப் பேசிக்கொண்டே வந்தவ.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

“பிறகு?” என்றார் அண்ணை.

“பிறகென்ன. கரையேறினம். சீலையைப் பிழிஞ்சு குடுத்தனான். அதுக்குப் பிறகும் கனகாலம் இருந்து, நெடுந்தீவிலை தன்ரை கட்டிலிலைதான் கண்ணை மூடினவ. உங்களுக்குத் தெரியும்தானே.”

“இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை.” கொஞ்சம் யோசித்தார். “கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டன். ஆருக்கு என்னத்தைச் சொல்லுறது? எத்தினை பேருக்கு அம்மாவே இல்லாமல் போச்சு. எனக்குச் சீலை மட்டும்தானே நனைஞ்சது.”

அண்ணை எழும்பினார். மேசையைச் சுற்றி வந்தார். என் அண்ணை என் முன்னால் தன் மனைவியின் தலையைத் தடவியது அதுதான் முதல் தடவை. பசை காய்ந்த விரல்கள். மச்சாள் தலையை விலக்கினார். “தலைமயிரிலை ஒட்டப்போகுது, விடுங்கோ!” என்றார். ஆனால் உடனே அல்ல. கொஞ்சம் பொறுத்துத்தான்.

போன ஞாயிறு பாலம் போட்டார்கள்.

கிணற்றிலிருந்து வாழைகளுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் ஓடவிட்டார்கள். பால்காரரும் வந்து நின்றார், இந்தமுறை சைக்கிளை விட்டிறங்கி. டாங்கி முற்றத்திலிருந்து புறப்பட்டது. உறுமல் இல்லை, தையல் மெஷின் போல ஒரு சின்ன முணுமுணுப்பு மட்டும். வாய்க்கால் கரையில் நின்றது. முதுகிலிருந்த பாலம் மெல்ல நிமிர்ந்தது. அந்தரத்தில் விரிந்தது… தண்ணீருக்குள் விழுந்தது.

(இதை எழுதவேண்டாம் என்று மச்சாள் கேட்டுக்கொண்டார். தன் கதையை எழுதத் தாராளமாக அனுமதி தந்தவர், “பாலம் விழுந்ததை மட்டும் எழுதாதையும், அவர் கவலைப்படுவார்” என்றார். அண்ணை, மன்னியுங்கோ.)

பாலத்தை எடுத்துத் துடைத்து, நூலை இறுக்கி, இன்னும் இரண்டு ஈயக் குண்டு கட்டினார்கள். இரண்டாம் தடவை அக்கரையைத் தொட்டு அமர்ந்தது. டாங்கி, பாலத்தைப் பிடித்திருந்த கொழுவியை விட்டுவிட்டுப் பின்வாங்கியது.

இனிக் கடக்க வேண்டியதுதான். அண்ணை றிமோட்டை மச்சாளிடம் நீட்டினார்.

“எனக்குத் தெரியாது. நீங்களே ஓட்டுங்கோ.”

“இதை முன்னாலை தள்ளும். அவ்வளவுதான்.”

மச்சாள் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பெருவிரலால் முன்னால் தள்ளினார். டாங்கி அசைந்து பாலத்தில் ஏறியது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தது.

“மெல்லப் போ… மெல்ல…” என்றார் மச்சாள். டாங்கிக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அக்கரை சேர்ந்து, வாழையடியில் போய் முட்டி நின்றது. பால்காரர் கைதட்டினார். அண்ணை மச்சாளையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சாள் றிமோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டாங்கியைத் திருப்பி இந்தக் கரைக்கு ஓட்டினார். பிறகு மறுபடியும் அந்தக் கரைக்கு. நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை ஓட்டிக்கொண்டேயிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு விசயம் மனதைக் குடைந்தது. என் கணவர் பூசணிக்காய் தொடமாட்டார். கலியாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் பூசணிக்காய் இல்லை. அவருக்கு அதன் சுவை பிடிக்காது என்று ஊருக்கெல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர் அப்படிச் சொன்னாரா? நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “நீங்கள் ஏன் பூசணிக்காய் சாப்பிடுறதில்லை?”

பத்திரிகையைக் கீழே வைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார்.

“இப்பதான் கேக்கிறீர்,” என்றார். “இரும், சொல்லுறன்.”

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? அதை எழுத அவர் இன்னும் அனுமதி தரவில்லை… நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்!