கேள்விக்குறிப் பெட்டி

போன வியாழக்கிழமை மல்லாவியில் ஒரு கலியாணம் எக்செல் பெட்டி ஒன்றில் தடக்குப்பட்டு நின்றது. நம்ப மாட்டீர்கள். இருங்கள், முதலிலிருந்தே சொல்கிறேன்.

தவராசா அண்ணை அங்கே விதைக்கடை வைத்திருக்கிறார். நெல், சோளம், உழுந்து, கச்சான் என்று எல்லா விதையும் உண்டு. எது இருக்கிறது, எது முடியப்போகிறது என்பதை அவருடைய மகள் தர்சினி கொம்பியூட்டரில் பதிகிறாள். அதற்கான மக்ரோக்களை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

மக்ரோ என்றதும் பக்கத்தைப் புரட்டாதீர்கள்! திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை எக்செலின் தலையில் கட்டிவிடுவது, அவ்வளவுதான். நடுவில் ஆளிடம் ஏதாவது சொல்லவோ கேட்கவோ வேண்டுமா? அதற்குரிய பெட்டி எக்செலுக்குள்ளேயே ரெடிமேட்டாக இருக்கிறது. நாம் கீறி, நிறம் பூசி மினக்கெடத் தேவையில்லை. ஒரு வரி எழுதினால் பெட்டி முன்னால் வந்து நிற்கும்.

விதை குறைந்தால், அண்ணை கோப்பைத் திறக்கும்போது ஒரு பெட்டி வரும். ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே ஓகே என்று ஒரே ஒரு பட்டன். வாசிப்பாரா?

"சும்மா ஓம் எண்டு அமத்திப்போட்டுப் போறதுதானே, தங்கச்சி!"

அந்தப் பெட்டியின் குணமும் அப்படித்தான். ஓகேயை அமத்தினாலும் ஓகே. மூலையிலுள்ள பெருக்கல் குறியால் மூடினாலும் ஓகே. நீங்கள் என்ன செய்தாலும் அது ஓகே என்றே எடுத்துக்கொள்ளும்.

வியாழன் நான் போனபோது அண்ணை துணுக்காய்க்குப் போயிருந்தார். தர்சினி மட்டும் இருந்தாள். முகம் சரியில்லை.

"அன்ரி, ஓம், இல்லை எண்டு ரெண்டு பட்டன் வாற பெட்டி எப்பிடிப் போடுறது?"

"ஆரிட்டைக் கேக்கப்போறாய்?"

"அப்பாட்டை."

பிறகுதான் விசயம் வெளியே வந்தது. வவுனியாவிலிருந்து ஒரு சம்பந்தம். போன கிழமை இவள் உழுந்து மூட்டைகளைப் பதிந்துகொண்டிருக்க, அண்ணை பின்னால் நின்று மாப்பிள்ளையின் வேலை, வீடு, குணம் எல்லாம் சொல்லியிருக்கிறார். இவள் தலை நிமிராமல் "ஓம்... ஓம்... ஓம் அப்பா" என்றிருக்கிறாள். அண்ணை தரகருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். விடிந்தால் வெள்ளி, தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைக்கிறார்கள்.

"நான் சொன்னது, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓம், அன்ரி. அவர் விளங்கினது, கட்டுறன் எண்ட ஓம்."

இந்த ஓமால் எங்கள் பக்கத்தில் வருகிற கரைச்சல் கொஞ்சமா? போனில் ஒருவர் விடாமல் கதைக்க, நாமும் ஓம், ஓம் என்கிறோமே... அதெல்லாம் சம்மதமா? கொம்பியூட்டருக்குக்கூட ஓகே வேறு, யெஸ் வேறு. நமக்குத்தான் இரண்டுக்கும் ஒரே சொல்.

"நேரை சொல்லன், பிள்ளை" என்றேன்.

"ஏலாது அன்ரி. அவர் எவ்வளவு சந்தோசமாத் திரியிறார் தெரியுமோ? வாயைத் திறந்தா அழுதிடுவன்."

தாயில்லாத பிள்ளை. பள்ளிக்கூட நாட்களில் அண்ணைதான் தலை பின்னி ரிபன் கட்டிவிடுவார் — ஒரு பின்னல் மேலே ஏறியிருக்கும், மற்றது கீழே தொங்கும். இவள் அவிழ்க்காமல் அப்படியே போய்வருவாள். அப்படிப்பட்ட மனிசனிடம் 'இல்லை' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சொல்லிக் கொடுத்தேன். யெஸ், நோ பெட்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. மூலையிலுள்ள பெருக்கல் குறி வேலை செய்யாது. தப்பி ஓட வழியில்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'அப்பா, என்னட்டை ஒருக்காக் கேப்பீங்களோ?' என்று தமிழில் ஒரு கட்டத்துக்குள் எழுதி, அது பெட்டியில் வரும்படி வைத்தாள். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அவசரமாகக் கோப்பை மூடினாள்.

அண்ணை வந்தார். கதிரையில் இருந்தார். கோப்பைத் திறந்தார்.

"என்ன பிள்ளை இது? ஒரே கேள்விக்குறியாக் கிடக்கு!"

எட்டிப் பார்த்தேன். ஐயோ... அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது! எழுத்தெல்லாவற்றையும் கேள்விக்குறியாக்கி வைத்திருந்தது. ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய எனக்கும் அது மூளையில் தட்டவில்லை.

அண்ணை வழக்கம்போல ஓகேயைத் தேடினார். இல்லை. மூடப் பார்த்தார். மூடவில்லை.

"என்னத்தைக் கேக்குது எண்டு தெரியாமல் நான் எப்பிடி ஓம் எண்டுறது?"

தர்சினி உடைந்துபோனாள்.

"எனக்கும் அப்பிடித்தான் அப்பா! அண்டைக்கு நீங்கள் சொல்லுறீங்கள் எண்டுதான் நினைச்சனான். கேக்கிறீங்கள் எண்டு தெரியாது."

அண்ணை கதிரையைத் திருப்பினார். விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் எழும்பி, தோளில் கிடந்த துவாயால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டார். பெட்டி மட்டும் பதிலுக்காகத் திரையில் காத்துக்கொண்டு நின்றது. அதை யார் கவனித்தார்கள்?

"நான் கேக்கேல்லைத்தான், என்ன? இப்ப கேக்கிறன். விருப்பமோ பிள்ளை?"

"தெரியாது அப்பா. ஒருக்கா அவரோடை கதைச்சுப்போட்டுச் சொல்லட்டே?"

அண்ணை அந்த இடத்திலேயே தரகருக்குப் போன் எடுத்தார். "நாள் ஒண்டும் வைக்கவேண்டாம். முதல்லை பிள்ளையள் ரெண்டும் கதைக்கட்டும்... இல்லை, இல்லை, அவளிலை பிழையில்லை. நான்தான் கேக்காமல் வாக்குக் குடுத்திட்டன்."

எனக்கு அந்த மனிசனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். "கதைச்ச பிறகும் வேண்டாம் எண்டா, வேண்டாம்தான். சரியோ?"

"ஓம் அப்பா."

அண்ணை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எந்த ஓம்?"