கால் இழுத்த திங்கட்கிழமை

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, டயாலிசிஸ் தொடங்கிய நாலாவது மாதம். ஒரு திங்கட்கிழமை காலையில், இதுதான் கடைசி, இனி வரமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். ஊசி வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாலு மணி நேரம் மெஷினோடு கிடக்கும்போது கெண்டைக்காலில் குரக்களி இழுக்குமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நடவு வயலில் குனிந்தே காலம் கழித்த உடம்பு இதற்குப் போய் அழுகிறதே என்று எனக்கு என் மேலேயே கோபம். மகளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எங்கள் ஊர் மிராசுதார். இரண்டு வீடும் எலியும் பூனையும். என் அப்பா காலத்தில் கூலி உயர்வு கேட்டு அவர்கள் வயலில் அறுவடையை நிறுத்தியவர்கள் நாங்கள். பிற்பாடு நாங்கள் குத்தகைக்கு உழுத மூன்று மா நிலத்திலிருந்து வெளியேற்றப் பார்த்தார்கள். குத்தகைப் பதிவு என் பெயரில் இருக்கிறது, விடமாட்டேன் என்று நான் கோர்ட்டுக்குப் போனேன். வழக்கு இன்னும் நடக்கிறது. இங்கேயும் இவர்கள் முகத்தில்தானா விழிக்க வேண்டும் என்று சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவர் மனைவியும் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு எடை பார்த்தால் போன தடவையைவிட நான்கு கிலோ கூடியிருந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று எத்தனை தரம் சொல்வது என்று நர்ஸ் திட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சின்ன டம்ளரில் அளந்துதான் குடித்தேன் என்று சாதித்தேன். யார் சாதித்து என்ன, உடம்பில் ஏறிய நீரை மெஷின் இழுத்துத்தானே ஆக வேண்டும். மூன்று மணி நேரம் ஆனபோது வலது கால் முறுக்கிக்கொண்டது. ஐயோ என்று கத்திவிட்டேன். மகள் மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் அந்தக் கோடியில் வேறொருவருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

மிராசுதார் மனைவி எழுந்து வந்தார். என் பாதத்தைத் தூக்கித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, விரல்களை மேல்பக்கமாக அழுத்தினார். எனக்குக் கூசியது, காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். சேற்றுப்புண் தழும்பு நிறைந்த கால் அது. அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை.

"விறைக்காதீங்க. குதிகாலை என் கையில விட்டுடுங்க," என்றார்.

விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக நரம்பு தளர்ந்தது. வலி நின்ற பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு சுகம்.

காலை விடாமலே, தினமும் காலையில் என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். ஒரு சட்டி பழைய சோறு என்றேன். நீராகாரத்தை என்ன செய்கிறேன் என்றார். குடிக்காமல் வேறென்ன செய்வது, அது சோற்றில் சேர்ந்ததுதானே என்றேன். அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தார். கட்டிலில் கிடந்த அவர் வீட்டுக்காரரும் சிரித்தார். அவரும் ஆரம்பத்தில் தண்ணீரை அளந்துவிட்டு, நீராகாரத்தைச் சட்டியோடு குடித்துக் கால் இழுத்துக் கிடந்தவராம். நெல் விளைகிற ஊரில் அதைத் தண்ணீர் என்று எவன் சொல்வான்? மிராசுதாராக இருந்தால் என்ன, புத்தி ஒன்றுதான்.

இனிமேல் நீரைப் பிழிந்துவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிடச் சொன்னார் அந்த அம்மாள். மெஷினைக் கழற்றி, கையில் கட்டுப் போட்டு, மகளோடு கிளம்பினேன். அந்த அம்மாள் கதவு வரைக்கும் கூடவே வந்தார்.

"வியாழக்கிழமை வந்துடுவீங்கல்ல?"

என் மகள் டீச்சர், சேற்றில் இறங்காதவள். நான் செத்துப்போனால் அந்த மூன்று மாவை உழ ஆள் கிடையாது, வழக்கு அவர்கள் பக்கம் முடிந்துவிடும். இது என்னைவிட அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"வர்றேங்க," என்றேன். பக்கத்தில் நின்ற மகள் அங்கேயே அழத் தொடங்கினாள்.