லோத்தர் மாமா திருப்பாத பக்கம்

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் லோத்தர் மாமாவுக்குப் பொறாமை வந்தது. அதுவும் ஒரு பல் டாக்டர் மேல்.

மாமா என் அம்மாவின் தம்பி. நௌம்பூர்க் நகரில் புகைபோக்கி சுத்தம் செய்பவர். கறுப்புச் சட்டையும் தோளில் சுருட்டிய தூரிகையுமாகத் தெருவில் நடப்பார். அதிர்ஷ்டம் வரும் என்று ஜனங்கள் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அவர் மனைவி ரோஸ்வித்தா அத்தை இசைப்பள்ளியில் ஆசிரியை. வீட்டின் முன்னறையில் பாதியை அத்தையின் ஹார்ப்சிகார்ட் அடைத்துக்கொண்டிருக்கும். பியானோ போலத் தெரியும், ஆனால் தந்தியை அடிக்காது, சுண்டும். மாமா அதை ஒரு மேஜை போலத்தான் பார்த்து வந்தார், டாக்டர் ஹெல்விக் வரும் வரை.

மனைவியைப் பிரிந்து எங்கள் ஊருக்குக் குடிவந்தவர் ஹெல்விக். பகலில் பல் பிடுங்குவார், மாலையில் மரப் புல்லாங்குழல் வாசிப்பார். ஹார்ப்சிகார்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் வியாழக்கிழமைதோறும் அவர் மாமா வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒரு பழைய சொனாட்டாவைப் பயிற்சி செய்தார்கள். யார் எழுதியது என்று உறுதியாகத் தெரியாத, இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேற்பட்ட, நான்கு பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு.

மாமா சமையலறையில் உட்கார்ந்து கேட்டார். முதலில் இசையைக் கேட்டார். பிறகு இசை நிற்கும் இடங்களைக் கேட்க ஆரம்பித்தார்.

"டேய், அவரு ஊதுறாரு, இவ தட்டுறா. உனக்கு எங்கடா எரியுது?" என்றாள் என் அம்மா ஹைக்கே.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து மூச்சு இழுக்கிறாங்க, ஹைக்கே."

"நீயும் நானும் இப்ப இழுக்கலையா?"

"நாம ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இழுக்கலையே."

அம்மா இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கடைவாய்ப் பல் வீங்கியபோது, இரண்டு தெரு தள்ளி ஹெல்விக் இருக்க, ரயிலேறி வைசென்ஃபெல்ஸ் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். புகைபோக்கிச் சோதனைக்கு வருபவரை எந்த வீட்டிலும் தடுக்க முடியாது. அந்த உரிமையில் டாக்டர் வீட்டுக்குள் போனார். அடுப்பைப் பார்த்தாரோ இல்லையோ, மேஜைமேல் எத்தனை காப்பிக் கோப்பை என்று பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. அதுவும் சந்தேகத்தைக் கூட்டியது. "கழுவி வச்சிருப்பான்," என்றார் அம்மாவிடம்.

பிறகு ஒரு நாள் குழந்தைகளுக்கான இசைப் பாடப் புத்தகத்தை வாங்கிவந்தார். குளிர்காலம் முழுக்க ஸ்வரக்குறிகளைப் படித்தார். வசந்தம் வந்ததும் அத்தையிடம் கேட்டார்:

"உனக்கு ரெண்டு கையும் வேலையாயிருக்கு. பக்கத்தை நான் திருப்பட்டுமா?"

அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை காலம் கழித்து இந்த மனுஷனுக்கு இசை பிடித்துவிட்டதே என்று நினைத்தாள். அன்றிலிருந்து கைவிரல்களைத் தூரிகை போட்டுக் கழுவிக்கொண்டு, அத்தைக்கு இடது பக்கம் ஒரு நாற்காலியில் மாமா உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில்.

கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தார். அவர்கள் வாசிப்பது எல்லாம் தாளில் இருந்தது. விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு அவருக்கும் தெரிந்தது. ஆனால் மூன்றாம் பகுதி வந்தது.

அது மெதுவான பகுதி. இரண்டு பாதியாக இருக்கும். ஒவ்வொரு பாதியையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். முதல் தடவை எழுதியபடி. இரண்டாம் தடவை புல்லாங்குழல்காரர் தன் விருப்பப்படி நெளிவு சுளிவுகள் சேர்க்கலாம். அந்தக் காலத்து வழக்கம் அது. ஹெல்விக் வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தார். மாமா தாளில் தேடினார். கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், இப்ப வாசிச்சீங்களே, அது இதுல எங்க இருக்கு?"

"அது அதுல இல்ல, லோத்தர். அந்த நேரத்துக்கு என்ன தோணுதோ அதுதான்."

தன் மனைவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றும் என்று மாமா யோசித்தார். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். யேனாவில் பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். சொன்ன புத்தகத்தை எல்லாம் படித்திருப்பேன். ஆனால் மற்றவர்கள் எதற்கோ ஒரே சமயத்தில் சிரிப்பார்கள். அது புத்தகத்தில் இருக்காது. அவர்களை நான் வெறுத்தேனா, அவர்களாக இருக்க ஆசைப்பட்டேனா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. மாமாவுக்கும் தெளிவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம், தேவாலயத்தை ஒட்டிய, சொந்தமாக ஒரு ஹார்ப்சிகார்ட் வைத்திருக்கும் கூடத்தில் கச்சேரி. நானும் அம்மாவும் போயிருந்தோம். மேடையேறும் முன் ஹெல்விக் மாமாவின் தோளைத் தொட்டார்.

"கறுப்புச் சட்டை இல்லாட்டியும் பலிக்கும்ல?"

"எனக்குத் தெரியாது டாக்டர். என் தோளை நான் தொட்டுப் பாத்ததில்ல," என்றார் மாமா.

முதல் இரண்டு பகுதிகள் ஒழுங்காகப் போயின. மூன்றாம் பகுதியின் இரண்டாம் பாதி முதல் தடவை முடிந்தது. திரும்ப வாசிக்க ஒரு பக்கம் பின்னால் போக வேண்டும். அத்தை தலையசைத்தாள். மாமா எழுந்தார். தாளின் ஓரத்தைப் பிடித்தார். பின்னால் திருப்பாமல் அடுத்த பக்கத்துக்குத் திருப்பினார்.

அத்தையின் கண்முன் கடைசிப் பகுதி, வேகமான பகுதி, விரிந்து கிடந்தது. அதை ஆரம்பித்தால் மெதுவான பகுதி அங்கேயே முடிந்துவிடும். டாக்டரின் இரண்டாம் தடவைக்கு இடமே இருக்காது. மாமா விரும்பியது அவ்வளவுதான்.

ஹெல்விக் தனியே ஒரு தாங்கியில் தன் தாளை வைத்திருந்தார். இவர் செய்தது அவருக்குத் தெரியாது. மூச்சை இழுத்துவிட்டார். அத்தை ஒரு கணம் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு திரும்ப வாசிக்கத் தொடங்கினாள்.

எனக்கு இசை அதிகம் தெரியாது. ஆனாலும் அன்று நடந்தது புரிந்தது. உரிய பக்கம் கண்முன் இல்லாததால் அத்தையும் தன் விருப்பத்துக்கு வாசித்தாள். குழல் ஒன்று சொன்னால் இவள் அதற்கு வேறொன்று சொன்னாள். கேலி செய்தாள், இழுத்தடித்தாள், விட்டுக்கொடுத்தாள். கூடத்தில் ஒருவரும் இருமவில்லை. நடுவில் மாமா கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் ஹெல்விக் ஓடிவந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரோஸ்வித்தா! இன்னைக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?"

"பக்கம் மாறிப்போச்சு, டாக்டர்," என்றாள் அத்தை. மாமாவைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை என்று மாமா சொன்னார்.

"வேணும்னேதானே பண்ணின?"

"ஆமா."

"அத்தனை பேர் முன்னாடி நான் முழிக்கணும்னா?"

"அந்தாளு ரெண்டாவது தடவை உன்கிட்ட பேசக் கூடாதுன்னு."

அத்தை சிரிப்பாள் என்று மாமா எதிர்பார்த்தார். அவள் சிரிக்காததுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அவரு என்ன பேசுறாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. அடுத்து என்ன வரும்னே தெரியாம உக்காந்திருக்கேன் பாரு, அது எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்காகத்தான் வியாழக்கிழமை எப்ப வரும்னு இருக்கேன்."

"அந்தாளுக்காக இல்லையா?"

"ரெண்டையும் பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியல, லோத்தர். பொய் சொல்லட்டுமா?"

"என்கிட்ட அது கிடைக்கலையா?"

"நீ எந்தப் படியில நின்னு மூச்சு வாங்குவேன்னுகூட எனக்குத் தெரியும். இன்னைக்கு நீ பண்ணினது ஒண்ணுதான் எனக்குத் தெரியாம வந்தது." கோபமாகத்தான் சொன்னாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவரை வர வேண்டாம்னு சொல்லணும்னா சொல்லிடறேன். நீ வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லு."

மாமா சொல்லவில்லை.

இப்போதும் டாக்டர் வருகிறார். மாமா நடுவில் உட்கார்ந்து, அத்தை தலையசைத்ததும் ஒழுங்காகப் பின்னால் திருப்புகிறார். பொறாமை போய்விட்டதா என்று போன மாதம் கேட்டேன்.

"எங்க போகும்? வியாழக்கிழமை காலையிலயே வந்து உக்காந்துக்குது."

"அப்புறம் ஏன் மாமா அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பா. மூடிக் கிடக்கிற அந்தப் பெட்டியையும் அதைத் துடைச்சுக்கிட்டிருக்கிற அவளையும் தினம் நான்தானே பாக்கணும்."

வாசல் மணி அடித்தது. டாக்டர்தான். மாமா எழுந்து கை கழுவப் போனார்.